பாயா ஆறினால் ஆடு இல்லையென்று ஆகிவிடுமா?

 

ஜும்ஆ முடிந்து கைகொடுக்க வருபவர்களில் யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. "ஹஜ்ரத், இந்தக் கேப்சூலின் மேலுறை ஜெலட்டினாமே? பன்றியிலிருந்து எடுக்கிறார்களாமே? சாப்பிடலாமா?" கேள்வி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பதிலும் வாட்ஸ்அப்பிலேயே வந்திருக்கும். பேணுதலுள்ள பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவார். அதே வீட்டில் கல்லூரியில் படிக்கும் பையன், "எல்லாமே கெமிக்கல்தான் அத்தா, இதில் பன்றி எங்கே, ஆடு எங்கே" என்று சொல்லிவிட்டு எதையும் வாங்கித் தின்பான்.

இருவரும் ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். பொருள் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் எந்த அளவுக்கு மாறியிருக்கிறது? நம் சட்டக்கலை இமாம்கள் இதற்கு 'இஸ்திஹாலா' என்று பெயர் வைத்துப் பல நூறு ஆண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தும், முகர்ந்தும், சுவைத்தும் மாற்றத்தை அறிந்தார்கள். இன்று அதே மாற்றத்தை மூலக்கூறு அளவில் பார்க்க முடிகிறது. பார்க்க முடிந்த பிறகும் பார்க்காமல் ஃபத்வா சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

நெல்லும் வைக்கோலும்

நம் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்தால் நெல் ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம். நெல்லில் இருக்கும் மாவுச்சத்து எதனால் ஆனது? குளுக்கோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தது. வைக்கோலில் பெரும்பகுதியாக இருக்கும் செல்லுலோஸ் எதனால் ஆனது? அதுவும் அதே குளுக்கோஸைக் கோத்ததுதான். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையிலுள்ள கண்ணி திரும்பியிருக்கும் திசையில் மட்டும்தான் வேறுபாடு. அந்த ஒரு திருப்பத்தால் ஒன்று வளைந்து சுருண்டு நம் வயிற்றில் கரைகிறது. மற்றது நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகக் கட்டிக்கொண்டு, மனிதன் தின்றால் செரிக்காத நாராகிறது. மாட்டுக்கும் அதைச் செரிக்கச் சொந்தமாக நொதி கிடையாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்து தருகின்றன.

சரக்கு ஒன்று, அமைப்பு வேறு. ஆகவே "எல்லாமே ஒரே அணுக்கள்தானே" என்று சொல்லும் தம்பியிடம், "அப்படியானால் இன்று மதியம் வைக்கோல் சாப்பிடு" என்று சொல்லலாம். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எல்லா உயிரிலும் இருக்கின்றன. ஒரு பொருளை அந்தப் பொருளாக ஆக்குவது அவை கோக்கப்பட்டிருக்கும் முறை. புரதங்களில் இது இன்னும் நுணுக்கமானது. அங்கே இருபது வகை அமினோ அமிலங்கள் எழுத்துகள் போல வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ரைபோசோம் என்ற நுண்ணிய தொழிற்கூடம் அந்த வரிசையைப் படித்துக் கோத்துக்கொண்டே இருக்கிறது. அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் பிறந்தது இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய சிதம்பரத்தில்.

சென்னையில் பிரித்துப் பார்த்த முப்புரிக் கயிறு

ஜெலட்டின் கேள்விக்கு அடிப்படையான ஆராய்ச்சியும் நம் மாநிலத்தில்தான் நடந்தது. கொலாஜன் என்ற புரதம் நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் குருத்தெலும்பிலும் இருக்கிறது. உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது 1950-களின் தொடக்கம்வரை உலகத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952-ல் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து இதைக் கையிலெடுத்தார். கங்காரு வால் தசைநாணின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்களை வைத்துக்கொண்டு, மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அப்போது அவருக்கு 31 வயது. மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் கயிறு என்று 1955-ல் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரங்கத்துக்கு 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்', அதாவது மும்மடிச் சுருள் என்றே பெயர் வைத்திருக்கிறது.

அந்தக் கயிற்றில் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற அமினோ அமிலமாக இருக்க வேண்டும். காரணம் எளிது. மூன்று புரிகள் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. இருபது அமினோ அமிலங்களிலும் மிகச் சிறிய கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும். ஒரு சங்கிலியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். அவற்றில் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் பருமனான இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் கயிறு சரியாக முறுக்கேறாது. பிறக்கும்போதே எலும்பு முறிந்திருக்கும் குழந்தைகள் சிலரின் நோய்க்கு அதுதான் காரணம். ஆயிரத்தில் ஓர் எழுத்து! அந்தக் குழந்தையைத் தூக்கவே தாய் பயப்படுகிறாள். மனிதனை அழகிய அமைப்பில் படைத்ததாக அல்லாஹ் சொல்வதை உயரம், நிறம், முக அழகு என்று மட்டும் விளங்கிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் உள்ளேயும் பார்க்க வேண்டும்.

பதனிடுதல், சுடுதல், கொதிக்கவைத்தல்

இப்போது கொலாஜனுக்கு மனிதன் செய்யும் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, தோல் பதனிடுதல். இறந்துகிடந்த ஓர் ஆட்டைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதும், அது செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, விலக்கப்பட்டது அதை உண்பதுதான் என்று விளக்கியதும் நீங்கள் பலமுறை கேட்ட செய்தி. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் நம் முன்னோர்கள் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் போட்டபோது என்ன நடந்தது? பட்டையிலிருக்கும் துவர்ப்புப் பொருள் கொலாஜன் கயிறுகளுக்கு இடையில் புகுந்து அவற்றை ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. அழுகவைக்கும் கிருமிகளின் நொதிகள் கயிற்றைப் பிரிக்க முடியாமல் போயின. கயிறு இருக்கிறது, அதன் தன்மை மாறியிருக்கிறது. மார்க்கமும் அதற்கேற்ற அளவில்தான் சலுகை தந்திருக்கிறது. செருப்பாகவும் தோல்பையாகவும் பயன்படுத்தலாம் என்றது. பன்றித்தோலுக்கு இந்தச் சலுகையும் இல்லை என்பதே நம் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலை.

இரண்டாவது, சுடுதல். சூளையைப் பற்றி விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் சகோதரர்களைக் கேளுங்கள். அச்சிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்த பொம்மை கல் மாதிரி இறுகியிருக்கும். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மறுபடியும் சேறுதான். சூளைக்குள் போய் வெளியே வந்த பொம்மையை எத்தனை வருடம் தண்ணீரில் போட்டாலும் அது களிமண்ணாகாது. வெயில் எடுத்தது ஈரத்தை மட்டும். சூளையோ, ஐந்நூறு, அறுநூறு டிகிரியைத் தாண்டும்போது, களிமண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரைப் பிய்த்து எறிந்து அந்த அமைப்பையே கலைத்துவிடுகிறது. காய்ந்த மண் இன்னும் மண். சுட்ட மண் வேறொரு பொருள். எலும்பைச் சுட்டாலும் இப்படித்தான். கொலாஜன் முழுக்க எரிந்துபோய்க் கால்சியம் பாஸ்பேட் சாம்பல் மட்டும் மிஞ்சும். 'போன் சைனா' என்ற விலையுயர்ந்த பீங்கான் கோப்பைகளில் அந்தச் சாம்பல்தான் சேர்கிறது. அதில் எந்த மிருகத்தின் புரதமும் இல்லை. இந்த இடத்தில் ஹனஃபி இமாம்களில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்துப்படி அசுத்தமானது எரிந்து சாம்பலானால் அது தூய்மையானது. உப்பளத்தில் விழுந்த கழுதை முழுவதும் உப்பாகிவிட்டால் அது உப்புத்தான் என்ற உதாரணத்தை மதரஸாவில் ஓதிய எவரும் மறக்கமாட்டார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இதில் மாறுபட்டார்கள். கடலோரத்து மரைக்காயர் ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபிலும் சாம்பலாவதால் அசுத்தம் நீங்காது. தானாகவே காடியாக மாறிய மது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அங்கே இடம்.

காடியையும் பாருங்கள். போதை தரும் எத்தனால் மூலக்கூறை நுண்ணுயிர்கள் அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. போதைக்குக் காரணமான மூலக்கூறே மறைந்துவிடுகிறது. இமாம்கள் மூக்காலும் நாக்காலும் அறிந்து சொன்னது மூலக்கூறு அளவிலும் பொருந்தி நிற்கிறது.

மூன்றாவது, கொதிக்கவைத்தல். ஜெலட்டின் இங்கேதான் வருகிறது.

ஆட்டுக்கால் பாயா நம் வீடுகளுக்குப் புதிதல்ல. இரவு முழுக்கச் சிறுதீயில் வெந்த பாயாவைக் காலையில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மதியம் எடுத்துப் பாருங்கள், அல்வா மாதிரி உறைந்திருக்கும். தட்டினால் ஆடும். அதுதான் ஜெலட்டின். வெந்நீரில் கொலாஜனின் முப்புரி பிரிகிறது, சங்கிலிகள் அங்கங்கே அறுகின்றன, துண்டுகள் நீரில் கலக்கின்றன. ஆனால் துண்டுகளுக்குள் அமினோ அமில வரிசை அப்படியே இருக்கிறது. ஆறியவுடன் அந்தத் துண்டுகள் என்ன செய்கின்றன தெரியுமா? பழைய முறுக்கை நினைவில் வைத்திருப்பதுபோல் இடையிடையே மறுபடியும் மும்மூன்றாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. அப்படி முடிச்சுப் போட்டுக்கொள்வதால்தான் பாயா உறைகிறது. தொழிற்சாலையில் அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து, வெந்நீரில் எடுத்து, வடிகட்டி, உலர்த்துகிறார்கள். அளவு பெரிது, சுத்தம் அதிகம், நடப்பது அதேதான். அதனால்தான் ஜெலட்டினைத் தகுந்த ஆய்வகத்தில் கொடுத்தால் துண்டுகளின் வரிசையை வைத்து அது பன்றியா மாடா என்று சொல்லிவிடுகிறார்கள்.

உறைந்த பாயாவைப் பார்த்து, இது மாறிவிட்டது, இனி இது ஆடு இல்லை என்று நம்மில் யாராவது சொல்வோமா? பாயா ஆடுதான் என்றால், கொதிக்கவைத்த பன்றித்தோல் மட்டும் எப்படிப் பன்றி இல்லாமல் போகும்? இது வெயிலில் காய்ந்த பொம்மை, சூளைக்குள் போகாத பொம்மை.

இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பன்றி ஜெலட்டினை உணவில் சேர்ப்பது கூடாது என்றது. 1995-ல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கு, அது இஸ்திஹாலா அடைந்துவிட்டது, தூய்மையானது, உண்ணலாம் என்றது. இரண்டு பக்கமும் பெரிய ஆலிம்கள். குவைத் முடிவைப் பின்பற்றுபவரைப் பன்றி தின்பவர் என்று பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பாவம். ஆனால் எந்தக் கருத்து வலுவானது என்று என்னைக் கேட்டால், முப்புரியின் அமைப்பைப் படித்த பிறகு அம்மான் முடிவைத்தான் சொல்வேன். பெயர் மாறியிருக்கிறது, உருவம் மாறியிருக்கிறது, உள்ளே வரிசை மாறவில்லை.

ஒரே மருந்து, இரண்டு பூர்வீகம்

அப்படியானால் மூலக்கூறைப் பார்த்தே ஹலால் ஹராமைத் தீர்மானித்துவிடலாமா? அதுவும் முடியாது. இன்சுலினைப் பாருங்கள். 1921-ல் டொராண்டோவில் கண்டறியப்பட்டதிலிருந்து சுமார் அறுபது வருடம் அது மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்துதான் வந்தது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். மாட்டு இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் மூன்று இடத்தில் வேறுபாடு. பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே இடத்தில்தான். 1980-களின் தொடக்கத்தில் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, மனித இன்சுலினின் மரபுக் குறிப்பை பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே தயாரிக்கச் செய்வது. அமெரிக்கா 1982-ல் இதற்கு அனுமதி தந்தது. இன்னொன்று, பன்றி இன்சுலினை எடுத்து அந்த ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிவிடுவது. இரண்டு குப்பிகளிலும் இருப்பது அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. எந்தக் கருவியாலும் அந்த மூலக்கூறைப் பார்த்து இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றின் பூர்வீகம் பன்றி, மற்றதன் பூர்வீகம் பாக்டீரியா. இரண்டும் கையில் கிடைத்தால் முஃமின் எதை எடுப்பார் என்பதில் சந்தேகமில்லை. (இன்று கடைகளில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ தயாரானது. சர்க்கரை நோயாளிகள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.)

இதையே இன்னும் எளிதாகச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கிய அரிசியும், பக்கத்துக் களத்தில் திருடிய அரிசியும் மாவுச்சத்தில் ஒன்றுதான். கண்ணியின் திசை ஒன்றுதான். வயிற்றில் செரிப்பதும் ஒரே மாதிரிதான். ஒன்று ஹலால், ஒன்று ஹராம். ஹராம் என்பது மூலக்கூறில் ஒட்டியிருக்கும் அழுக்கு கிடையாது. அது அல்லாஹ்வின் கட்டளை, அடியார்களின் உரிமை. பன்றியில் இந்தப் புழு இருக்கிறது, அந்தக் கிருமி இருக்கிறது, அதனால்தான் ஹராம் என்று மேடையில் முழங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும். அப்போது ஹலாலாகிவிடுமா? விஞ்ஞானத்திடம் "மாறியதா?" என்று கேட்கலாம். "கூடுமா?" என்று அதனிடம் கேட்கக் கூடாது.

மருந்தை நிறுத்தலாமா?

மருந்தை நிறுத்தியவரின் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கேப்சூலாகவும் வருகிறது. அதைப் பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. பிறகு அவர் இருமும்போது அந்தக் கிருமி அவர் மடியில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்கும் போகும். பேணுதல் என்று நினைத்துச் செய்தது ஒரு குழந்தையின் நுரையீரலில் போய் நிற்கும். நிர்ப்பந்தத்தில் இருப்பவருக்கு விலக்கப்பட்டதிலும் இடமளிக்கும் சட்டத்தைக் குர்ஆனே தந்திருக்கிறது. வேறு மருந்து இல்லை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் இதில் நம் இரு மத்ஹபுகளிலும் வழி இருக்கிறது.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் தயாராகும் ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, எருமைகளின் எலும்பிலிருந்து வருவது. பன்றி என்று உறுதியாகத் தெரியாத ஒன்றைப் பன்றி என்று பரப்புவதற்கு உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. மாட்டெலும்பு என்றால் அறுப்பு முறைப்படி நடந்ததா என்ற கேள்வி மிஞ்சும். கொழுப்பு நீங்கிய எலும்பு தூய்மையானது என்பது ஹனஃபி நிலை, ஷாஃபிஈயில் அப்படியில்லை. தூய்மை வேறு, உண்ணும் அனுமதி வேறு என்ற நுணுக்கமும் அதில் உண்டு. ஆகவே தேர்வு இருக்கும்போது தேர்ந்தெடுங்கள். மருத்துவரிடம் வெட்கப்படாமல், "இதே மருந்து வில்லையாக இருக்கிறதா, தாவர உறையில் வருகிறதா?" என்று கேளுங்கள். தாவர உறை என்பது நாம் பார்த்த வைக்கோலின் உறவினர்தான், செல்லுலோஸிலிருந்து செய்வது. உறையைப் பிரித்துத் தூளை மட்டும் விழுங்கும் வேலையைக் கேட்காமல் செய்யாதீர்கள். சில மருந்துகள் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிப்போய்க் கரைய வேண்டும் என்பதற்காகவே உறைக்குள் வைக்கப்பட்டவை.

மிட்டாய்க்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பிள்ளைகள் கேட்கும் மெதுமெதுப்பான மிட்டாய்களிலும் ஜெல்லிகளிலும் பலவற்றில் ஜெலட்டின் இருக்கிறது. அதில் எந்த நிர்ப்பந்தமும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சை வட்டம் இருந்தால் அதில் ஜெலட்டின் இருக்கக் கூடாது. பழுப்பு முக்கோணம் இருந்தால், எந்தப் பிராணி என்று தெரியாதவரை கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ரமளானில் நம் பெண்கள் இஃப்தாருக்குக் காய்ச்சும் கடல்பாசி இருக்கிறதே, அது கடற்பாசியின் சர்க்கரைச் சங்கிலி. கொலாஜனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜெலட்டின் ஜெல்லி நம் ஊர் வெயிலில் தட்டிலேயே இளகிவிடும். கடல்பாசி மறுபடி இளக வேண்டுமென்றால் ஏறக்குறைய கொதிநீர்ச் சூடு வேண்டும். கொஞ்சம் பாலும் ரோஜா எசன்ஸும் சேர்த்து வீட்டிலேயே காய்ச்சி ஊற்றிக் கொடுங்கள், பிள்ளைகள் கடை ஜெல்லியைக் கேட்பது குறையும்.